நிதி அமைச்சர் நடந்துபோன பிறகு

கணக்கெடுக்க வந்த பெண் வாசலிலேயே நின்றாள்.
இனம் என்ற கட்டத்தில் என்ன எழுதட்டும்?
சாண்டர், என்றேன்.
விரலால் பட்டியலை மேலும் கீழும் தேய்த்தாள்.
இல்லையே.
காப்பி குடிக்கிறீர்களா, என்றேன்.

எல்லையை மறுபடி வரைந்த ஆண்டு அது.
வடக்கத்தி வரைபடம் ஒன்று, தெற்கத்தி வரைபடம் ஒன்று,
இரண்டிலும் விட்டுப்போனது
வடகடல் ஓரத்தில் ஒரு மணல்திட்டு.
கடனுக்குப் படகைக் கொடுத்தவர்கள்,
பட்டாளம் கலைத்து அனுப்பியவர்கள்,
எதற்கென்று தெரியாமல் ஒரு பல் மருத்துவர்
என்று பத்தொன்பது குடும்பம்
மரக்கால் நட்டு, மேலே வீடு கட்டி,
கொடி ஏற்றினார்கள்.
கொடி ஒரு மேஜைவிரிப்பு.
மூலையில் பீட்ரூட் கறை இன்னும் இருக்கிறது.

குடிமக்கள் எழுபத்து மூன்று பேர்.
ஒரு நாட்டுக்கு வேண்டிய பதவிகள் அதைவிட அதிகம்.
அப்படி வந்தவைதான் எங்கள் குடும்பப் பெயர்கள்:
ட்யார்க் சுங்கம், ஃப்ரவுக்க கடற்படை,
தண்டவாளமே இல்லாத திட்டில்
ரயில்வே என்றொரு வம்சம்
(இன்றுவரை எதற்கும் நேரத்துக்கு வந்ததில்லை).
நான் வீப்கே அஞ்சல்.

இரண்டு வருஷம் நான்கு மாதம் இருந்தது நாடு.
ஒரு போரும் நடந்தது:
மூடுபனியில் வரிப்படகு ஒன்று வந்து திசை கேட்டது,
கடற்படை தப்பான திசையைக் காட்டியது.
வென்றோம்.

பிறகு ஒரு காலை
நிதி அமைச்சர் டெட்லெஃப்
கஜானாவை ஒரு சாக்கில் போட்டுக்கொண்டு
வற்றத்தில் நடந்தே கரைக்குப் போனார்.
சேற்றில் அவர் காலடி
ஏற்றம் வரும்வரை தெரிந்ததாம்.
எல்லோரும் நின்று பார்த்தார்களாம்.
துரத்துவதற்கென்று ஒரு துறை வைக்க
யாருக்கும் தோன்றியிருக்கவில்லை.
அந்த நவம்பரில் புயல்.
மிஞ்சியது மரக்கால்கள்.

தோற்ற நாடு எப்படி ஓர் இனமாகும், என்றாள்.
கேலி இல்லை. அவளுக்குக் கட்டம் நிரம்ப வேண்டும்.

கரையில் யாரும் எங்களுக்குப் பெண் தரவில்லை,
எங்களுக்குள்ளேயே கொடுத்து வாங்கிக்கொண்டோம்,
சுங்கம் அஞ்சலுக்கு, அஞ்சல் மீன்வளத்துக்கு.
பேச்சு தன்பாட்டுக்கு முறுக்கிக்கொண்டது:
நாளைக்கு என்பதற்கும் கடல் வற்றினதும் என்பதற்கும்
எங்களிடம் ஒரே சொல்.
படியேறுமுன் செருப்பைத் தட்டுவோம்,
மணல் இல்லாவிட்டாலும்.
வாங்கித் திருப்பாதவன் டெட்லெஃப்.
ஆனால் டெட்லெஃப் விட்டுப்போன மனைவியும்
மூன்று பிள்ளைகளும்
எங்களோடுதான் கரையேறினார்கள்.
எந்தக் கல்யாணத்திலும் பீருக்குக் காசு
நிதி வீட்டார்தான்.
கொடு என்று யாரும் கேட்டதில்லை.
வேண்டாம் என்றும் சொன்னதில்லை.

அவள் எல்லாம் கேட்டாள்,
மற்றவை என்பதில் குறி போட்டாள்,
காப்பி நன்றாயிருந்தது என்றாள்.

அன்றிரவு தகரப்பெட்டியைத் திறந்தேன்.
கொள்ளுத்தாத்தா அச்சடித்த தபால்தலைகள்,
மதிப்பு ஐந்து சிப்பி,
படத்தில் கடல்நாய்.
மை கசிந்து
பல் மருத்துவர் ஜாடையில் இருக்கும்.
மிச்சம் பதினோரு தலை.
ஒன்றை நக்கி ஒட்டினேன். பசை நூறு வருஷத்துக் கசப்பு.
புள்ளிவிவர அலுவலகத்துக்கு இரண்டே வரி:
முன்னூற்றுப் பன்னிரண்டு பேர் இருக்கிறோம்.
ஒரு கட்டம் வேண்டும்.

ஒன்பதாம் நாள் திரும்பி வந்தது.
செல்லாத தபால்தலை, அபராதம் இரண்டு யூரோ,
தபால்காரர் கையை நீட்டினார்.
கொடுத்துவிட்டு உறையைத் திருப்பினால்
கடல்நாயின் மீசைமேல்
வட்டமாக, கறுப்பாக, தேதியோடு
ஒரு முத்திரை.
ஏதோ இயந்திரம், கவனிக்காமல்.

ஃப்ரவுக்கவுக்குத்தான் முதலில் சொன்னேன்.
பொழுது சாய்வதற்குள் பதினெட்டுக் குடும்பம்
என் சமையலறையில்.
யாரும் உறையைத் தொடவில்லை,
குனிந்து குனிந்து பார்த்தார்கள்.
ஒக்கே நிதி மட்டும்
எத்தனை என்று கேட்டு,
இரண்டு நாணயத்தை மேஜை ஓரத்தில் வைத்துவிட்டுப்
பின்னால் போய் நின்றுகொண்டான்.

ரயில்வே மறுநாள் வந்தார்கள்.